நாய் முதுகில் பை கட்டுமுன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நாயைக் கரடு ஏறக் கூட்டிப்போகும் வாசகர்கள் சிலர், அதன் முதுகில் பை கட்டலாமா, எப்படிக் கட்டுவது, எவ்வளவு ஏற்றுவது என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் நாட்டு நாய்க்கு இரண்டரை வயது, எடை 20 கிலோ. ஆன்லைனில் வாங்கிய பையில் இரண்டு பக்கமும் சேர்த்து 12 லிட்டர் கொள்ளளவு என்று போட்டிருக்கிறது. எவ்வளவு எடை ஏற்றலாம்?
– பாலக்கோடு வாசகர்

பதில்: பையின் கொள்ளளவைப் பார்த்து எடையைத் தீர்மானிக்க வேண்டாம். 12 லிட்டருக்கும் தண்ணீர் நிரப்பினால் 12 கிலோ வரும். அது உங்கள் நாயின் எடையில் பாதிக்கும் மேல். கணக்கை நாயின் எடையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நாயின் எடையில் 25 சதவீதம் வரை சுமக்கலாம் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். அது குளிர்ந்த இடங்களில், நன்றாகப் பழக்கப்பட்ட, வலுவான நாய்களுக்குச் சொல்லப்படும் மேல் எல்லை. நம் பக்கத்து வெயிலில், வாரம் ஒருநாள் கரடு ஏறும் வீட்டு நாய்க்கு 10 சதவீதம் போதும். இரண்டு மூன்று மாதம் விடாமல் நடந்து பழகிய நாய்க்கு, மார்கழி, தை மாதக் குளிரில் 15 சதவீதம் வரை போகலாம். அதற்கு மேல் ஏற்ற வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

பலரும் மறந்துவிடும் ஒன்று, பையின் எடையும் இந்தக் கணக்கில் சேரும் என்பது. உங்கள் நாய்க்கு 10 சதவீதம் என்றால் 2 கிலோ. வெறும் பையே 700 கிராம் இருந்தால் மிச்சம் 1,300 கிராம், பக்கத்துக்கு 650. அரை லிட்டர் தண்ணீர், பாட்டிலோடு சேர்த்து 520 கிராமுக்குக் குறையாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பக்கமும் 130 கிராமுக்குத்தான் இடம் இருக்கிறது. கொஞ்சம் தீனி, ஒரு மடிப்புக் கிண்ணம், சின்ன மருந்துப் பொட்டலம், அவ்வளவுதான் ஏறும். நாய் தன் சாமானை மட்டும் சுமக்கட்டும். உங்கள் குடையும் பவர் பேங்கும் உங்கள் முதுகிலேயே இருக்கட்டும்.

எடை பார்க்க, நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி நின்று, பிறகு உங்கள் எடையை மட்டும் பார்த்துக் கழித்துவிடுங்கள். நாய் குண்டாக இருந்தால் இப்போதைய எடையில் கணக்குப் போடக் கூடாது. 29 கிலோ இருக்க வேண்டிய லாப்ரடார் 36 கிலோ இருந்தால் அது ஏற்கெனவே 7 கிலோ சுமக்கிறது. விலாவைத் தடவும்போது எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை என்றால் முதலில் உடம்பைக் குறையுங்கள், பை பிறகு.

கேள்வி: பையைக் கட்டியதும் எங்கள் நாய் அசையாமல் நின்றுவிடுகிறது. இழுத்தால் தரையில் விழுந்து புரள்கிறது. எப்படிப் பழக்குவது?
– தர்மபுரி வாசகி

பதில்: இழுக்கக் கூடாது. முதல் இரண்டு மூன்று நாள் பையைத் தரையில் வைத்து முகர்ந்து பார்க்க விடுங்கள். பக்கிள் மூடும் ‘டக்’ சத்தத்துக்கே சில நாய்கள் மிரளும். தூரத்தில் வைத்து மூடித் திறந்து, ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு தீனி கொடுங்கள். பிறகு வெறும் பையை வீட்டுக்குள் 10 நிமிடம் கட்டுங்கள். தானாக நடக்கத் தொடங்கியதும் தெருவுக்குக் கூட்டிப்போகலாம்.

அடுத்த வாரம் இரண்டு பக்கமும் பழைய செய்தித்தாளைக் கசக்கி அடையுங்கள். எடை கூடாது, அகலம் மட்டும் கூடும். தன் உடம்பு இப்போது எவ்வளவு அகலம் என்பதை நாய் இந்தக் கட்டத்தில்தான் கற்றுக்கொள்கிறது. கதவு நிலையில் இடித்து, சுவரில் உரசி, பிறகு சற்று விலகி நடக்கப் பழகும். இதைத் தாண்டிவிட்டு நேராக எடை ஏற்றுபவர்கள்தான், பாறை இடுக்கிலும் உண்ணிச்செடிப் புதரிலும் பை மாட்டி நாய் மிரண்டு ஓடியதாகச் சொல்கிறார்கள்.

மூன்றாவது வாரம் 5 சதவீத எடை. ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் 10 சதவீதம். பழக்கும் எடைக்குக் கேழ்வரகு மிகவும் ஏற்றது. 250 கிராம் கேழ்வரகைத் துணிப்பையில் தளர்வாகக் கட்டி, பக்கத்துக்கு ஒன்றாக வைத்தால் விலாவின் வளைவுக்கு ஏற்ப அமர்ந்துகொள்ளும். குத்தாது, சத்தம் போடாது. கல் வேண்டாம்.

இவ்வளவு நிதானம் எதற்கென்றால், நாய்க்கு நம்மைப்போல் தோளை மார்போடு இணைக்கும் காறை எலும்பு மூட்டு இல்லை. முன்னங்கால்களுக்கு நடுவே உடம்பைத் தாங்கிப் பிடித்திருப்பது தசைகள்தான். நிற்கும்போதே உடல் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில் இறங்குகிறது. பையின் எடையும் அங்கேதான் போகும். அந்தத் தசைகள் வலுப்பெற வாரங்கள் ஆகும்.

கேள்வி: எங்கள் லாப்ரடார் 28 கிலோ. இரண்டு பக்கமும் ஒரே எடைதான் வைக்கிறேன். ஆனாலும் அரை மணி நேரத்தில் பை இடது பக்கம் சரிந்து, வயிற்றுப் பட்டை விலாவில் ஏறிவிடுகிறது. எங்கே தவறு?
– கிருஷ்ணகிரி வாசகர்

பதில்: இதற்குக் காரணம் ஒன்றல்ல. அதனால் அனுமானிக்காமல் மூன்று முறை கட்டிப் பாருங்கள்.

முதலில் வெறும் பையோடு கால் மணி நேரம் நடத்துங்கள். அப்போதே சரிந்தால் கோளாறு பட்டையில் இருக்கிறது. பையின் நடுத் தையலிலிருந்து வயிற்றுப் பட்டையின் பக்கிள் வரை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்து பாருங்கள். பல பைகளில் ஒரு பக்கம் மட்டும்தான் இறுக்க முடியும்; அந்தப் பக்கத்தையே இழுத்து இழுத்து நடு, முதுகெலும்பை விட்டு விலகியிருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள்: கயிற்றைப் பையின் மேல் வளையத்தில் மாட்டியிருக்கிறீர்களா? நீங்கள் இடது பக்கம் நடந்தால் உங்கள் கையே பையை இடதுபுறம் இழுத்துக்கொண்டிருக்கும். கயிறு, பைக்கு அடியில் போட்ட தனி ஹார்னெஸிலோ கழுத்துப் பட்டையிலோ மாட்டப்பட வேண்டும்.

இரண்டாவது முறை, விளிம்பு வரை நிரப்பிய இரண்டு அரை லிட்டர் பாட்டில்களை இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் வைத்து நடத்துங்கள். வெறும் பையில் சரியாமல் இப்போது சரிந்தால், பட்டை தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு விரல் தட்டையாக நுழைய வேண்டும். மூன்று விரல் நுழைந்தால் தளர்வு, ஒன்றே நுழைந்தால் இறுக்கம். புறப்பட்டுப் பத்து நிமிடத்தில் முடி அமுங்கிப் பட்டை தளரும் என்பதால் ஒருமுறை நின்று மறுபடி பார்க்க வேண்டும். பட்டை சரியாக இருந்தும் எப்போதும் ஒரே பக்கம் சரிந்தால், நாய் ஒரு காலை ஊன்றத் தயங்குகிறதா என்று கவனியுங்கள். லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டு, முழங்கை மூட்டுக் கோளாறுகள் அதிகம். வலிக்கிற காலில் பாரம் போடாமல் உடம்பை மறுபக்கம் சாய்க்கும். வெறும் நடையில் நமக்குத் தெரியாதது பை கட்டியதும் தெரிந்துவிடும். அப்படி இருந்தால் பையை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இந்த இரண்டிலும் தேறிவிட்டால், மூன்றாவது முறை வழக்கமான சாமானை வைத்துப் பாருங்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் கோளாறு இங்கேதான் என்று தோன்றுகிறது. எடை ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. அந்த எடை இருக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். உதாரணமாக, ஒரு பக்கம் அரைக் கிலோ தீனிப் பொட்டலம் விலாவோடு ஒட்டித் தட்டையாக இருக்கிறது. மறுபக்கம் அரை லிட்டர் பாட்டில் வெளியே தள்ளிப் புடைத்து நிற்கிறது. தராசில் இரண்டும் ஒன்று. நாயின் மேல் பாட்டில் பக்கம்தான் இழுக்கும். ஆகவே தண்ணீரை ஒரு பக்கமும் தீனியை ஒரு பக்கமும் வைக்காதீர்கள். எதையும் இரண்டாகப் பிரித்து, இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் வையுங்கள்.

அரை மணி நேரம் கழித்துச் சரிகிறது என்றால் தண்ணீரையும் சந்தேகிக்க வேண்டும். வலது பாட்டிலிலிருந்து 300 மில்லி கொடுத்துவிட்டு நடந்தால் இடது பக்கம் 300 கிராம் கூடுதல். பாதி காலியான பாட்டிலில் தண்ணீர் குலுங்குவதால் ஒவ்வொரு அடிக்கும் பை ஆடும், ஆடி ஆடிப் பட்டை நகரும். ஒவ்வொரு முறையும் இரண்டு பாட்டிலிலிருந்தும் சம அளவு கொடுங்கள். கெட்டிப் பாட்டிலை விட, சுருங்கிக்கொள்ளும் மென்மையான பிளாஸ்டிக் பை வகை நல்லது. தண்ணீர் குறையும்போது காற்றை வெளியேற்றி மூடினால் குலுங்காது.

அடுக்கும் முறை இது. விலாவை ஒட்டி மடித்த துண்டு அல்லது துணி. அதற்கு வெளியே, பையின் முன்பக்கக் கீழ் மூலையில், தண்ணீர். அதன் பின்னால் தீனி. மேலே லேசான சாமான். கிண்ணம், இடுக்கி மாதிரி கெட்டியானவை வெளிப்புறம் பார்த்து. கனம் எப்போதும் தோளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பின்னால் போகப் போக இடுப்பு முதுகெலும்பில் இறங்கும். அங்கே கீழிருந்து தாங்க விலா எலும்பு கிடையாது. பையின் பின்விளிம்பு கடைசி விலாவைத் தாண்டினால் அந்தப் பை உங்கள் நாய்க்குப் பெரியது.

அடுக்கி முடித்ததும் கொக்கி வைத்த லக்கேஜ் கைத்தராசில் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகத் தொங்கவிட்டுப் பாருங்கள். கழற்றி மாட்டும் பையாக இருந்தால் இது எளிது. 50 கிராமுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. வழியில் தராசு தேவையில்லை. நிற்கும் இடத்தில் எல்லாம் நாயின் பின்னால் நின்று பாருங்கள். நடுத் தையல் முதுகெலும்பின் மேல் நேராக ஓட வேண்டும். விலகியிருந்தால் பையை இழுத்து நேராக்கிவிட்டு நடக்காதீர்கள், பத்தடியில் மறுபடி சரியும். ஏதாவது ஒரு சாமானை இடம் மாற்றுங்கள். அள்ளிய மலப்பையை ஒரு பக்கத்தில் போட்டால் அதுவும் 150, 200 கிராம் வரும் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: சிப்பிப்பாறை நாய் வளர்க்கிறேன். ஏறும்போது பை பின்னால் நழுவி இடுப்பில் உட்காருகிறது. இறுக்கிக் கட்டினால் முன்னங்காலுக்குப் பின்னால் தோல் உரிகிறது.
– ஊத்தங்கரை வாசகர்

பதில்: சிப்பிப்பாறை, கன்னி வகைகளுக்கு மார்பு ஆழம், இடுப்பு ஒடுக்கம். வயிற்றுப் பட்டை மட்டும் இருக்கும் பை, ஏற்றத்தில் ஒடுங்கிய பக்கம் நழுவத்தான் செய்யும். இறுக்கினால் நிற்காது, உரசும். இதற்கு வேண்டியது மார்புப் பட்டை. கழுத்தின் இரண்டு பக்கமும் இறங்கி மார்பெலும்பில் சேர்ந்து, முன்னங்கால்களுக்கு நடுவே போய் வயிற்றுப் பட்டையில் இணையும் மூன்று கிளைப் பட்டை இருக்கிற பையைத் தேடுங்கள். கழுத்தின் குறுக்கே நேராக ஓடும் ஒற்றைப் பட்டை, பை பின்னால் இழுபடும்போது மூச்சுக்குழாயை அழுத்தும்.

வயிற்றுப் பட்டை, முழங்கைக்குப் பின்னால் நான்கு விரல் தள்ளி இருக்கட்டும். அதற்கும் முன்னால் இருந்தால் ஒவ்வொரு எட்டுக்கும் முழங்கையின் உட்புறம் உரசும். இந்த நாய்களுக்கு முடி குட்டை, தோல் மெல்லியது. பட்டையின் மேல் பஞ்சுத் துணி உறை ஒன்று தைத்துப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். பக்கிள் விலாவின் பக்கவாட்டில் வர வேண்டும், அக்குளில் அல்ல. இரண்டாவது வயிற்றுப் பட்டை இருந்தால் அது கடைசி விலாவுக்கு முன்னால் முடியட்டும். மென்மையான வயிற்றில் கட்டினால் மூச்சு வாங்க இடைஞ்சல்.

இறக்கத்தில் எல்லாம் தலைகீழ்: பை முன்னால் வந்து கழுத்தில் மோதும், முன்னங்கால் பாரம் கூடும். செங்குத்தான இறக்கத்திலும், பாறையிலிருந்து குதிக்க வேண்டிய இடத்திலும் பையைக் கழற்றி நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஓடையோ ஆறோ கடக்கும்போதும் அப்படியே. நனைந்து கனத்த பையோடு நாய் நீந்தக் கூடாது.

கேள்வி: பக், டாஷ்ஹண்ட், ஒன்பது மாத ஜெர்மன் ஷெப்பர்ட் மூன்றும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. எதற்குப் பை வாங்கலாம்?
– ஓசூர் வாசகி

பதில்: இப்போதைக்கு எதற்கும் வேண்டாம். பக் முகம் அமைந்த விதத்தில் அதற்குச் சும்மா நடக்கவே மூச்சு போதாது. டாஷ்ஹண்ட்டின் நீண்ட முதுகில் எலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டுகள் எளிதில் பிதுங்கும்; பின்னங்கால் செயலிழக்கும் அபாயம் உண்டு. ஷெப்பர்டுக்கு எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடும் வரை, அதாவது 18 மாதம் முடியும் வரை பொறுங்கள். பிறகும், இடுப்பு மூட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது. அதுவரை வெறும் பை போட்டுப் பழக்குவதில் தவறில்லை. சினையாக இருக்கும் நாய், வயதான நாய், இதயக் கோளாறு உள்ள நாய் எதற்கும் சுமை கூடாது.

கேள்வி: கடைப் பை விலை அதிகம். ஊரில் பை தைப்பவரிடம் கொடுத்துத் தைக்கலாமா? அளவு என்ன?
– காவேரிப்பட்டினம் வாசகர்

பதில்: தாராளமாகத் தைக்கலாம். நாயின் உடம்பில் அளந்து தைப்பதால் கடைப் பையை விட நன்றாகவே அமையும். மூன்று அளவு வேண்டும்: முன்னங்காலுக்குப் பின்னால் மார்பின் சுற்றளவு, கழுத்தின் அடிச் சுற்றளவு, தோள் மேட்டிலிருந்து கடைசி விலா வரை நீளம்.

20 கிலோ நாய்க்கு ஒவ்வொரு பக்கப் பையும் 22 செ.மீ. நீளம், 18 செ.மீ. உயரம், 6 செ.மீ. கனம் போதும். இதுவே பக்கத்துக்கு இரண்டேகால் லிட்டருக்கு மேல் கொள்ளும். பெரிதாகத் தைத்தால் நிரப்பத் தோன்றும். பையின் அடி, நாயின் மார்புக்கோட்டுக்குக் கீழே தொங்கக் கூடாது. தொங்கினால் முழங்கையில் இடிக்கும், புதரில் மாட்டும்.

துணிக்கு, ஸ்கூல் பை தைக்கும் நைலான் துணி நல்லது. பருத்திக் கேன்வாஸ் உறுதிதான், ஆனால் நனைந்தால் கனக்கும், காய நேரமாகும். ரெக்ஸின் வேண்டாம், காற்றே புகாது. முதுகில் படும் பகுதியில் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் 5 மி.மீ. தடிப்பில் இரண்டு மெத்தைப் பட்டைகள் வைத்து, நடுவில் மூன்று விரல் இடைவெளி விடச் சொல்லுங்கள். எடை முதுகெலும்பின் முகட்டில் இறங்காமல், பக்கத்துத் தசையில் இறங்கும்; நடுவே காற்றும் ஓடும். மெத்தைக்குப் பழைய யோகா பாயை வெட்டலாம். ஸ்பாஞ்சு தண்ணீரைக் குடிக்கும்.

வயிற்றுப் பட்டை 38 மி.மீ. அகலம், மார்புப் பட்டை 25 மி.மீ. பட்டை சேரும் இடங்களில் ஒற்றைத் தையல் நிற்காது. சதுரமாகச் சுற்றித் தைத்து, நடுவில் பெருக்கல் குறி போல் குறுக்குத் தையல் போட வேண்டும். இரண்டு பக்கமும் இறுக்க வசதி இருக்க வேண்டும். பையின் வெளிப்புறத்தில் மேலிருந்து கீழாக ஓர் இறுக்குப் பட்டை வைத்தால், சாமான் குறையும்போது பையை விலாவோடு சேர்த்து இழுத்துவிடலாம். வெல்க்ரோவை எடை தாங்கும் இடத்தில் நம்ப வேண்டாம். முதுகின் நடுவில் ஒரு கைப்பிடி, பக்கங்களில் ஒளிரும் பட்டை. தைத்து முடித்ததும் உட்பக்கத்தைப் புறங்கையால் தடவிப் பாருங்கள்; உங்களுக்கு உறுத்தும் பிசிறு நாயின் தோலை அறுக்கும்.

கேள்வி: பையில் என்னென்ன வைக்க வேண்டும்? நாங்கள் கொண்டுபோகும் சாப்பாட்டையே கொடுக்கலாமா?
– அரூர் வாசகர்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். வெளியே போகும்போது நம் வீடுகளில் கட்டுவது புளிசாதம். அதை நாய்க்குக் கொடுக்காதீர்கள். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்ததே. அதற்குக் காரணமாகக் கருதப்படும் டார்டாரிக் அமிலம் புளியில் நிறையவே இருக்கிறது. வெங்காயம், பூண்டு, சாக்லேட் ஆகியவையும் கூடாது. மாம்பழக் காலத்தில் தோப்பு வழியாகப் போனால் கீழே கிடக்கும் கொட்டையை விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது குடலை அடைத்தால் அறுவை சிகிச்சைதான்.

வழக்கமாகத் தின்னும் உலர்தீனி 100, 120 கிராம் போதும். கேழ்வரகுக் களியோ சோறோ தின்று பழகிய நாய்க்கு அவித்த முட்டையும் ஒரு சின்ன உருண்டைக் களியும் கொண்டுபோகலாம். புறப்படும் முன் வயிறு நிறையக் கொடுக்கக் கூடாது; இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். ஆழமான மார்புள்ள நாய்க்கு நிறைந்த வயிறு திருகிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு உப்பி, வாந்தி வராமல் வெறுமனே ஓங்கரித்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

மருந்துப் பொட்டலத்தில் காஸ் துணி, தானாக ஒட்டிக்கொள்ளும் பேண்டேஜ் சுருள், போவிடோன் அயோடின், கூர்முனை இடுக்கி, அடிபட்ட பாதத்துக்கு மாட்ட ஒரு குழந்தைச் சாக்ஸ். நம் கரடுகளில் நெருஞ்சியும் சீமைக்கருவேல முள்ளும் இல்லாத இடம் குறைவு, அதனால் இடுக்கி இல்லாமல் போகாதீர்கள். நமக்கான பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் மாத்திரைகள் நாய்க்கு விஷம். பொட்டலத்தில் இருந்தாலும் நாய்க்குக் கொடுக்கக் கூடாது.

வண்டிச் சாவி, போன் இரண்டையும் நாயின் பையில் வைக்க வேண்டாம். நாய்க்கான தண்ணீர் முழுவதையும்கூட அதன் மேலேயே ஏற்றக் கூடாது. நாய் மிரண்டு ஓடினாலோ, பை கிழிந்தாலோ உங்களிடம் ஒரு லிட்டராவது இருக்க வேண்டும்.

கேள்வி: வெயில் காலத்தில் விடியற்காலையில் கூட்டிப்போனால் பை கட்டலாமா?
– பர்கூர் வாசகர்

பதில்: மாசிக் கடைசியிலிருந்து ஆனி வரை பையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். நாய்க்கு உடம்பு முழுதும் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றும். பை கட்டினால் வேலையும் கூடுகிறது, முதுகும் விலாவும் மூடிக்கொள்கின்றன. விடியற்காலையில் பாறை குளிர்ந்திருந்தாலும், நீங்கள் இறங்கும்போது காலை ஒன்பது மணிக்கே கொதிக்கும். புறங்கையைப் பாறையில் ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதம் அதில் நடக்கக் கூடாது.

கார்த்திகை முதல் மாசி நடு வரைதான் பைக்கு ஏற்ற காலம். அப்போதும் 20 நிமிடத்துக்கு ஒருமுறை நிழலில் நிறுத்தி, பட்டையைத் தளர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள். வீட்டில் இருக்கும் நாளிலேயே கிலோவுக்கு 50, 60 மில்லி தண்ணீர் தேவை. ஏறும் நாளில் அதைப்போல் இரண்டு மடங்கு ஆகலாம்.

ஈறு கடுஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாக வடிந்து, நடை தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 105-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. உடனே பையைக் கழற்றி, நிழலில் கிடத்தி, கையில் இருக்கும் தண்ணீர் முழுவதையும் உடம்பில் ஊற்றி விசிறுங்கள். ஈரத் துண்டால் போர்த்தி வைக்காதீர்கள். சூடு உள்ளேயே தங்கும். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் வண்டியில் ஏற்றுவது.

கேள்வி: ராயக்கோட்டைக் கோட்டை, கிருஷ்ணகிரி மலைக்கோட்டை, அஞ்செட்டிக் காடு, இவற்றுக்கு நாயைக் கூட்டிப்போகலாமா?
– தேன்கனிக்கோட்டை வாசகர்

பதில்: முடியாது. இரண்டு கோட்டைகளும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. நினைவுச்சின்னங்களுக்கான 1959-ஆம் ஆண்டு விதிகளின்படி, பராமரிப்பு வேலைக்குத் தவிர வேறெதற்கும் அவற்றுக்குள் விலங்கைக் கொண்டுவரக் கூடாது.

அஞ்செட்டியைச் சுற்றியுள்ள காடுகளில் பெரும்பகுதி 2014-இல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு, 2022-இல் அறிவிக்கப்பட்ட காவேரி தெற்கு வனவிலங்குச் சரணாலயங்களில் அடங்கும். அனுமதி இல்லாமல் ஆளே நுழையக் கூடாத இடத்தில் நாய்க்கு வேலை இல்லை. சரணாலயம் அல்லாத காட்டிலும் மலையேற வனத்துறை அனுமதி வேண்டும். குரங்கணி தீ விபத்துக்குப் பிறகு 2018-இல் தமிழ்நாடு அரசு இதற்கென விதிகள் வகுத்திருக்கிறது.

சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், யானையைக் கண்ட நாய் குரைக்கும், துரத்தப்பட்டால் நேராக உங்கள் காலடிக்குத்தான் ஓடிவரும், யானையும் கூடவே வரும். கேழ்வரகு முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி, சானமாவு வரை வந்துபோகும். பைக்கு ஏற்ற குளிர் மாதங்களும் அவைதான். சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை. அதுமட்டுமல்ல, நாயிடமிருந்து டிஸ்டம்பர், வெறிநோய் போன்றவை காட்டு விலங்குகளுக்குத் தொற்றும்.

ஏரிக்கரை, உரிமையாளர் அனுமதித்த மாந்தோப்பு, ஊரை ஒட்டி மேய்ச்சலுக்குப் போகும் கரடு, இவை போதும். ஏரிக்கரையின் சமதளத்தில் பழக்கிவிட்டுப் பிறகு கரட்டுக்குப் போகலாம். எங்கே போனாலும் கயிறு கையில் இருக்கட்டும், வெறிநோய்த் தடுப்பூசி அந்த ஆண்டுக்குப் போட்டிருக்கட்டும். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் பாறை இடுக்குகளில் இருக்கும். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். பையைக் கழற்றி, நாயை நடக்க விடாமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

கேள்வி: திரும்பி வந்ததும் என்ன கவனிக்க வேண்டும்?
– மத்தூர் வாசகி

பதில்: பையைக் கழற்றியதும் பட்டை ஓடிய இடமெல்லாம் முடிக்கு எதிர்த்திசையில் தடவிப் பாருங்கள். தோள் மேடு, மார்பெலும்பு, முழங்கையின் பின்புறம். முடி உடைந்து சொரசொரப்பாக இருந்தால் அடுத்த முறை அங்கே புண் வரும். தோல் சிவந்து சூடாக இருந்தால் ஏற்கெனவே வந்துவிட்டது. விரல் இடுக்கு, காது உட்புறம், அக்குள், வால் அடி இவற்றில் உண்ணி தேடுங்கள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் தடவுவது, நெருப்பால் சுடுவது கூடாது. இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், சோர்வு, ஈறு வெளிறுதல், மூக்கில் இரத்தம் தெரிந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

பையைச் சோப்பு அதிகம் இல்லாமல் அலசி, உட்பக்கம் வெளியே தெரியத் திருப்பி நிழலில் காயப்போடுங்கள். உப்பும் மண்ணும் காய்ந்து இறுகிய பட்டை உப்புத்தாள் போல் அறுக்கும். தோல் சிவந்திருந்த இடத்தில் முடி மறுபடி முளைக்கும் வரை பை கட்ட வேண்டாம்.